கறுப்புக் கண்ணாடி போட்ட நாத்தனார்

இன்று காலை மருந்துக் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடி.

மெட்ராஸ் ஐ திரும்ப வந்திருக்கிறது. (எனக்கு வெறும் இருமல்தான். நம்புங்கள்.)

எண்பதுகளின் தொடக்கத்தில் இது ஊர் ஊராகப் பரவியபோது நான் நெய்வேலியில் நிருபர். மந்தாரக்குப்பத்தில் காதர் பாயின் டிராவல்ஸ் கடையில் போன் இருந்தது. செய்தி சொல்ல அங்கேதான் போவேன்.

எந்த ஊருக்கு எப்படிப் போகலாம் என்று வழி சொல்வதும், விடுமுறைக்குத் தனி பஸ் விடுவதும் பாயின் தொழில்.

அந்த நாட்களில் வந்தவர்கள் யாரும் வழி கேட்கவில்லை. "பஸ்ல யாருக்காவது கண்ணு செவந்துகினு இருக்குதா பாய்?" என்றுதான் கேட்டார்கள்.

நோய் வந்தவரின் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று குவார்ட்டர்ஸ் முழுக்க நம்பிக்கை. கையால்தான் பரவுகிறது என்று டாக்டர்கள் சொன்னதை நானே எழுதி அனுப்பினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

ஒரு மாலை, நெல்லை பஸ் கிளம்பும் நேரத்தில் சரோஜா வந்தார். கணவருக்கு மைன்ஸில் ஷிப்ட், லீவு கிடைக்கவில்லை. மறுநாள் நெல்லையில் அண்ணன் கல்யாணம். நாத்தனார் முடிச்சு போட வேண்டிய ஒரே தங்கை இவர்.

கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பாய், அந்தம்மா ஏறுனா நாங்க குடும்பத்தோட எறங்கிக்கிறோம்."

"நான் போகலன்னா முடிச்ச யாரு பாய் போடுவா?" என்றார் சரோஜா. "எங்க வீட்டுல வேற பொம்பளப் பிள்ளையே கிடையாது."

பாய் அவசரப்படவில்லை. டீயைக் குடித்து முடித்தார்.

"டிரைவருக்குப் பின்னாடி மொத சீட்டு உங்களுக்கும்மா. மத்தவங்களுக்கு உங்க முதுகுதான் தெரியும். முதுகப் பாத்து எவனுக்கும் கண்ணு வலி வராது."

டிரைவர் முனகினார். "மேல இருக்குற கண்ணாடில எனக்கு மூஞ்சி தெரியுமே பாய்?"

"நீ ரோட்டப் பாத்துகினு ஓட்டுப்பா. அதுக்குத்தான சம்பளம்."

சரோஜா இன்னும் ஏறவில்லை. "அங்க போனா பொண்ணுகிட்ட என்னைய விடுவாங்களா?"

"முடிச்சு பொண்ணுக்குப் பின்னாடி நின்னுதானம்மா போடுவீங்க? அது உங்க கண்ணப் பாக்கப் போறதே இல்ல. கைய மட்டும் நல்லா கழுவிக்குங்க. கண்ணத் தொட்ட கையால தாலியத் தொடாதீங்க."

சொல்லிவிட்டு ஒரு சோப்பைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். என் செய்தியை ஒருவராவது படித்திருக்கிறார்!

ஒரு வாரம் கழித்து சரோஜா கடைக்கு வந்தார். கண்ணாடி இல்லை. கண் தெளிந்திருந்தது.

"முடிச்சு போட்டுட்டேன் பாய். மதினிக்கு ஒண்ணும் வரல. ஆனா..."

"அப்புறம் ஏம்மா இழுக்குறீங்க?"

"போட்டோக்காரருக்கு வந்துட்டு. கண்ணாடியக் கழட்டச் சொல்லி அவரே கையில வாங்கி வச்சிக்கிட்டாரு. அதே கையால கண்ணக் கசக்கிட்டாரு."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு சரோஜாவைப் பார்த்தார்.

"நீங்க முடிச்சுக்குத்தான வழி கேட்டீங்க? போட்டோவுக்கு எங்க கேட்டீங்க?"