வரிசையில் ஓர் ஆள் இடம்

என் தொண்டையில் கோளாறு என்பது முதலில் எனக்குத் தெரியவில்லை. சேர்வையின் பாலுக்குத்தான் தெரிந்தது.

அறுபதுகளின் பிற்பகுதி. காரைக்குடியில் எங்கள் தெருப் பள்ளிவாசலுக்கு நான் மோதினார். அதாவது, ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பவன். ஒலிபெருக்கி அப்போது எங்கள் பள்ளிக்கு வரவில்லை. படியேறி நின்று, இரண்டு காதிலும் விரல் வைத்து அழைத்தால் மூன்று தெரு தள்ளிக் கேட்கும். அந்த மூன்றாவது தெருவில் காபிக்கடை வைத்திருந்தார் சேர்வை. என் விடிகாலைப் பாங்கைக் கேட்டுத்தான் அவர் அடுப்பில் பாலை ஏற்றுவார்.

ஒரு நாள் காலையில் தோளில் துண்டோடு வந்து நின்றார்.

“என்ன மோதினாரே, தூங்கிப்போனீகளா? சத்தத்தையே காணோம். கடைக்கு வந்தவுக எல்லாம் வெறும் தம்ளரப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக.”

நான் தூங்கவில்லை. அழைத்திருந்தேன். குரல்தான் இரண்டாவது தெருவோடு திரும்பி வந்துவிட்டது.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படிக் குரல் கம்மி, பதினைந்து நாளாகியும் தெளியாமல் இருந்தால், இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டுரை எங்கும் போய்விடாது. நான் அப்படிச் செய்யவில்லை. தெருவில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை, மிளகு போட்ட பால். பாதிக்கு மேல் இனிப்பாக இருந்ததால் நோய் தீர்ந்ததா என்று விசாரிக்க எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மாதம் போயிற்று. அதற்குள் சாயங்காலக் காய்ச்சல் வந்தது, உடம்பு இளைத்தது, எச்சில் விழுங்கினால் முள் விழுங்குவதுபோல் இருந்தது.

என் மனைவி மரியம் ஒரு நாள் சோற்றுத் தட்டை என் முன்னாலிருந்து எடுத்துவிட்டாள்.

“ஒரு வாய் முழுங்குறதுக்குள்ள மூஞ்சி எப்பிடிப் போகுதுன்னு கண்ணாடியில பாத்தீகளா? நீங்களா டாக்டர்ட்டப் போறீகளா, நான் இழுத்துக்கிட்டுப் போகவா?”

இழுத்துக்கொண்டுதான் போனாள்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி. நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்த டாக்டர், என் நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, இன்னொரு குட்டிக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். சளியைச் சோதித்தார்கள். நுரையீரலில் காசநோய், அது மேலே ஏறி லாரிங்ஸ் (குரல்வளை) வரை வந்து, குரல் நாண்களில் புண்ணாகியிருக்கிறது என்றார்.

“என்ன வேலை பார்க்கிறீர்கள்?”

“பாங்கு சொல்றேன்யா. ஆண்டவன் வேலை.”

“மூன்று மாதத்துக்கு லீவு கேட்டுக்கொள்ளுங்கள். சத்தம் போடக் கூடாது. பேசவும் கூடாது. கிசுகிசுப்பது பேசுவதைவிட மோசம், அதுவும் கூடாது.”

மரியம் இடையில் புகுந்தாள். “டாக்டரய்யா, இவுக வாய மூடுறதுக்கு ஒரு மருந்து கெடைக்குமான்னு கல்யாணமான நாள்லேருந்து தேடுறேன். இம்புட்டுச் சுளுவா சொல்லிட்டீகளே!”

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பும் சத்தம்தான் என்று அதையும் தடுத்தார்.

நான் கடைசியாகக் கேட்டது ஒரே கேள்வி. குரல் திரும்புமா? டாக்டர் பொய் சொல்லாத மனிதர். “உயிருக்கு மருந்து இருக்கிறது, ஒழுங்காகச் சாப்பிட்டால் பிழைப்பீர்கள். குரலுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.”

மருந்தென்றால் ஒன்றிரண்டல்ல. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (இடுப்பில் போடும் காசநோய் ஊசி). ஐ.என்.எச். என்ற சிறிய வெள்ளை மாத்திரை. பாஸ் என்றொரு மருந்து. அதைத் தின்றால் வயிறு குடலைக் கையில் எடுத்துக் கொடுக்கும். எல்லாமாக ஒன்றரை வருடம். மரியம் கடிகாரத்தை நம்பவில்லை. மருந்துகளைத் தொழுகை நேரங்களோடு முடிந்துவைத்தாள். விடிகாலை சுபுஹுக்குப் பிறகு வெள்ளை மாத்திரை, நண்பகல் லுஹருக்குப் பிறகு பாஸ். மறக்க முடியாத ஏற்பாடு. நீங்களும் எந்த வேலையைத் தவறவே விடமாட்டீர்களோ அதன் வாலில் மாத்திரையைக் கட்டிவிடுங்கள். பாதியில் நிறுத்தியவர்கள் மறுபடி படுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்தை நான் தாங்கிக்கொண்டேன். மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. கழுத்தில் ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டுக்கொண்டேன். ஒரு நகைச்சுவையைச் சிலேட்டில் எழுதிப் பாருங்கள். எழுதி முடிப்பதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, படுத்துவிடுகிறார்.

எனக்குப் பதிலாகத் தையல்காரர் ஜப்பார் பாங்கு சொன்னார். குரல் நன்றாக இருந்தது. அதுதான் என் வருத்தம். கொஞ்சம் மோசமாக இருந்திருந்தால் அவருக்காக மனமார துஆ (பிரார்த்தனை) செய்திருப்பேன்.

ஜப்பார் நல்லவர், பயந்தவர். எனக்கு ஒரு சட்டை தைக்க வேண்டியிருந்தது. “பழைய அளவு இருக்கு பாய்” என்று கடையின் உள்ளிருந்தே சொல்லிவிட்டார். என் உடம்பு பாதியாகியிருந்தது. சட்டை வந்ததும் மரியம் அதற்குள் எட்டிப் பார்த்து, “இன்னொருத்தரும் குடியிருக்கலாம்” என்றாள்.

ஆனால் என்னை உடைத்தது சட்டை அல்ல. தொழுகையில் தோளோடு தோள் உரச நிற்பதுதான் எங்கள் வழக்கம். நடுவில் இடம் விட்டால் அங்கே சைத்தான் வந்து நின்றுகொள்வான் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுப்பார்கள். நான் வரிசையின் கடைக்கோடியில் நின்றேன். எனக்கும் அடுத்தவருக்கும் நடுவில் ஓர் ஆள் இடம். ஊசி தொடங்கி இரண்டு மாதத்தில் சளியில் கிருமி இல்லை, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளைச் சிலேட்டின் பின்புறம் ஒட்டிவைத்தேன். அதைப் படிக்கவும் கிட்டத்தில் வர வேண்டுமே.

ஆக, அந்த இடத்தில் சைத்தான் எனக்குத் துணைக்கு நின்றான். தோளோடு தோளாக, மிக அன்பாக. ‘நீ அழைத்தது போதும். உன் தொண்டையைப் பிடுங்கிக்கொண்டவனுக்கா இவ்வளவு ஊழியம்? சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் கிட’ என்று ஒவ்வொரு தொழுகையிலும் காதில் சொன்னான். அவன் பேச்சில் நியாயம் இருப்பதுபோல்தான் தெரிந்தது.

பள்ளிவாசல் சாவி என் இடுப்பில்தான் இருக்கும். ஒரு நாள் அதை எடுத்துக்கொண்டு, எங்கள் இமாமான அசரத்திடம் போய் நீட்டினேன். சிலேட்டில், ‘இனி எனக்கு இந்த வேலை இல்லை’ என்று எழுதியிருந்தேன்.

அசரத்து படித்தார். கையை நீட்டவில்லை.

“எங்கிட்ட ஏன் நீட்டுறீக? இந்த வேலைய ஒங்களுக்கு நானா குடுத்தேன்? குடுத்தவன்கிட்டயே திருப்பிக் குடுங்க. அவன் வாங்கிக்கிட்டான்னா வந்து சொல்லுங்க.”

எனக்குக் கோபம். சரி, அப்படியே செய்கிறேன் என்று ஒரு வாரம் ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், ஏந்திய கைகளில் சாவியை வைத்துக்கொண்டு துஆ கேட்டேன். ‘வாங்கிக்கொள் ரப்பே, வாங்கிக்கொள்.’ எட்டாம் நாளும் சாவி என் உள்ளங்கையில்தான் இருந்தது. வியர்த்துக்கூட இருந்தது.

சிரிக்காதீர்கள். எனக்குள் ஏதோ அப்போதுதான் நிமிர்ந்தது. அவன் வாங்கிக்கொள்ளவில்லை என்றால் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை என்றுதானே அர்த்தம்? தொண்டையை எடுத்தவன் கையை விட்டுவைத்திருக்கிறான். பள்ளியின் மூலையில் நகரா (பெரிய முரசு) ஒன்று கிடந்தது. தொழுகை நேரம் வந்தால் பாங்குக்கு முன்னால் அதைத் தடதடவென்று அடிக்கும் வழக்கம் முன்பு இருந்தது. என் குரல் வலுவாக இருந்ததால் அது தூசி தின்றுகொண்டிருந்தது. தூசியைத் தட்டினேன். தோலை வெயிலில் காயவைத்தேன். மறுநாள் முதல் நான் நகரா அடிப்பேன். ஜப்பார் பாங்கு சொல்வார்.

அவர் அழைக்கும்போது நானும் காதில் விரல் வைத்து நிற்பேன். நாக்கும் உதடும் அசையாது. உள்ளே முழுப் பாங்கையும் சொல்லி முடிப்பேன். உள்ளே என் குரல் கம்மவில்லை. மூன்று தெரு என்ன, எங்கே கேட்க வேண்டுமோ அங்கே கேட்டது. கேட்பவனுக்கு என் தொண்டை தேவையில்லை என்பதை நான் புத்தியால் அல்ல, அந்த நிமிடங்களில் நெஞ்சால் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு குரல் திரும்புமா என்ற கேள்வி என்னைக் கடிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அந்த ஓர் ஆள் இடம்தான் மிச்சம்.

இந்த இடத்தில் என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நகராவுக்கு இன்னொரு அடியும் உண்டு. தெருவில் மவுத்து (மரணம்) விழுந்தால் அதை ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு மெதுவாக அடிப்பார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் சிலருக்குக் காதைத் தாக்கும். தலை சுற்றும், காதில் ரீங்காரம் கேட்கும். எனக்கும் அது தொடங்கியிருந்தது. ஒரு நாள் பிற்பகல் அசர் தொழுகை நேரத்தில் தலை கிறுகிறுத்தது. ஓர் அடி அடித்தேன். தூணைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கினேன். இன்னோர் அடி. மறுபடி தூண். கடமையில் தவறக் கூடாதென்று இப்படியே நெடுநேரம் அடித்தேன். ஜப்பார் தேவகோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் அசரத்தே பாங்கு சொன்னார். அவர் குரல் வாசலைத் தாண்டாது.

தொழுகைக்கு வந்தது அசரத்தும், நானும், வழிப்போக்கர் இருவரும். ஏன் ஒருவரையும் காணோம் என்று யோசித்தபடி வீட்டுக்கு நடந்தேன்.

என் வீட்டு வாசலில் தெருவே நின்றது. உள்ளே அழுகைச் சத்தம். மரியம்! என்ன ஆயிற்று என்று கேட்க வாயில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனேன். அழுவது மரியத்தின் குரல்தான் என்று தெரிந்ததும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று மனதுக்குள் சொன்னேன். அவள் யாருக்காக அழுகிறாள் என்ற சந்தேகம் அதற்கப்புறம்தான் வந்தது.

எனக்கு முன்னால் சேர்வை, கையில் பெரிய ரோஜாமாலையோடு நின்றார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“இருங்கப்பு, தள்ளாதீக. மோதினாரு போய்ட்டாரு, நல்ல மனுசன்...” என்று திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். மாலை நழுவி என் சிலேட்டில் விழுந்தது.

மெதுவான நகராவைக் கேட்டதும் தெருவில் சீக்காளி யார் என்று யோசித்திருக்கிறார்கள். அதிகம் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. பள்ளிக்குப் போன இடத்தில் விழுந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, மையத்தை (சடலத்தை) வீட்டுக்குத் தூக்கி வருவார்கள் என்று எல்லோரும் இங்கேயே வந்து காத்திருந்திருக்கிறார்கள்.

மரியம் வெளியே வந்து என்னைப் பார்த்தாள். “அடப் பாவி மனுசா! வாய மூடியும் ஊரக் கூட்டிட்டீகளே!” என்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அந்தக் கூடாரச் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதாள்.

சேர்வைதான் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். “உசிரோட இருக்கறப்ப ஒரு ஆளு தள்ளி நின்னவுக, செத்ததும் தூக்குறதுக்கு முண்டியடிச்சு வாரீக. என்ன ஞாயம் இது?”

யாரும் பேசவில்லை. நானும்தான், ஆனால் எனக்கு டாக்டர் சீட்டு இருந்தது.

பொழுது சாய்ந்ததும் மஃரிபுக்கு நகராவை வேகமாக அடித்தேன். வழக்கம்போல் கடைக்கோடியில் நின்றேன். பக்கத்தில் வழக்கம்போல் இடம். அசரத்து தக்பீர் சொல்லித் தொழுகையைத் தொடங்கப் போகும் நேரம், யாரோ மூச்சிரைக்க ஓடி வந்தார். ஜப்பார். தேவகோட்டை பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் மவுத்துச் செய்தியையும், பாதி வழியில் நான் பிழைத்த செய்தியையும் கேட்டிருக்கிறார். முகமெல்லாம் ஈரம். அது தொழுகைக்காக முகம் கழுவி ஒளூச் செய்த தண்ணீரா, வேறா, நான் கேட்கவில்லை.

அவர் அந்த இடத்தில் வந்து நின்றார். தோள் பட்டது. மற்றொரு நாள் என்றால் அவர் தோளில் எலும்பு குத்துகிறது என்று சிலேட்டில் எழுதியிருப்பேன்.

சைத்தானுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று.

மறுநாள் அவரே நாடாவோடு வீட்டுக்கு வந்து என் மார்பைச் சுற்றி அளவெடுத்தார். அந்த ரோஜாமாலை சேர்வையின் கடையில் வானொலிப் பெட்டிக்கு மேல் காய்ந்து உதிரும்வரை தொங்கியது.

டாக்டர் சொன்ன மூன்று மாத லீவு நீண்டுகொண்டே போய், குரல் ஒன்பதாவது மாதம் திரும்பியது. அதே குரல் அல்ல. மணலில் இழுத்த தகரம்போல் ஒன்று. டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு பாங்கு என்று அனுமதித்தார். நான் சுபுஹைக் கேட்டு வாங்கினேன். முதல் நாள் அழைத்தபோது நடுவில் இரண்டு இடத்தில் உடைந்தது. விடிந்ததும் சேர்வை வந்தார்.

“கேட்டுச்சா?” என்றேன். பல மாதத்துக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் சொல்.

“கேக்கல. ஆனா இன்னைக்கு நீக சொல்லுவீகன்னு தெரியும்ல? முன்னாடியே பாலை ஏத்திட்டேன்.”

இப்போது பள்ளிக்கு ஒலிபெருக்கி வந்துவிட்டது. என் கரகரப்பு ஐந்து தெருவுக்குக் கேட்கிறது; பாவம் ஊர். இடது காதில் அந்த ரீங்காரம் போகவே இல்லை. பாங்குக்காக விரலை வைத்து அடைத்தால் இன்னும் பெரிதாகக் கேட்கும். முன்பு பள்ளியின் பன்னிரண்டு படிகளை ஒரே மூச்சில் ஏறுவேன். இப்போது நான்கு மூச்சு. அதனால் வீட்டிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுகிறேன். அந்தக் கொஞ்ச நேரம் முன்பு என்னிடம் இல்லாத நேரம். படிக்குப் படி நின்று, உள்ளே ஒரு முறை சத்தமில்லாமல் முழுப் பாங்கையும் அழைத்துவிடுகிறேன்.

மேலே போய் ஒலிபெருக்கியில் சொல்வது இரண்டாவது பாங்கு.