ஏழாவது கிரீனில் பிடித்த பூஞ்சை

தாமல் ஏரிக்கு அப்பால் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் புல்லைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பந்து விழும் குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிப் பாய் போல வைத்திருப்போம். அதைத்தான் கிரீன் என்பார்கள். மொத்தம் பதினெட்டு.

அந்த ஆவணியில் பகலெல்லாம் புழுக்கம், சாயங்காலமானால் மழை. ஒரு வியாழக்கிழமை காலை, ஏழாவது கிரீனில் உள்ளங்கை அகலத்துக்குப் புல் கறுத்து, எண்ணெய் ஊற்றியது போலப் படிந்து கிடந்தது. மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. புல்வெட்டும் வண்டி ஓட்டுகிறவர் நெசவுக் குடும்பத்துக்காரர். இறங்கி வந்து குனிந்து பார்த்தார்.

“இன்னாமா இது, பட்டு நூலு சிக்கிக்கினு கிடக்கறாப்புல இருக்குது?”

“பூஞ்சைண்ணா. வண்டி ஓட்டாதீங்க. சக்கரத்துல ஒட்டிக்கினு எல்லா கிரீனுக்கும் போயிடும்.”

மேலாளரிடம் ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை போட்டி இருந்தது.

“கையகலத்துக்கா இவ்ளோ பயப்படுற? மருந்து நாளைக்கு வந்துடும்மா. இன்னிக்கு வெட்டச் சொல்லு.”

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து, “வெட்டுங்கண்ணா” என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் எட்டாவது கிரீனுக்குப் போனேன். அங்கே உள்ளங்கை அளவு இல்லை. வண்டியின் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை. ஒன்பதாவதில் இரண்டு கோடு. அழுகின மீன் வாடை அடித்தது. பத்தாவதுக்கு நடந்தேன். அங்கும் இருந்தது. முந்தின நாள் வண்டி போன வழியிலேயே அதுவும் போயிருந்தது.

வண்டி ஓட்டுகிறவர் பின்னால் வந்து நின்றார். “நாமதாம்மா ஏத்திக்கினு வந்துட்டோம்.”

அவர் ‘நாம’ என்றது என்னைச் சுட்டது. வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போய் மேலாளர் மேசையில் வைத்தேன்.

“வெட்டச் சொன்னது நான்தான் சார். இனிமே இது ஓடக்கூடாது.”

மேலாளர் வந்து பார்த்தார். அன்றைக்கே போட்டியை நிறுத்தினார். மருந்து அடித்தும் ஆறு கிரீன் பிழைக்கவில்லை. மண்வெட்டியால் உரித்து அள்ளிப் போட்டுப் புதுப் புல் பதித்தோம்.

இப்போது அது நன்றாகப் பிடித்திருக்கிறது. விளையாட வருகிறவர்கள் மெச்சுகிறார்கள். பூஞ்சை மண்ணுக்குள் சாகாமல் கிடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.