இன்னொரு ஜோடிக் கைகள்

சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். இது யாருக்கு நடந்ததோ, அந்த மருமகளே, ‘பேய்’ என்று யாராவது வாயெடுத்தால் மூக்கைச் சுளிப்பவள்தான். நடந்தது ராத்திரியும் இல்லை. பண்டிகைக்கு முந்தின நாள், பட்டப்பகல். இன்றைக்குக் கேட்டாலும் நேரங்களை நிமிஷம் பிசகாமல் சொல்வாள்.

அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் மாவு சோதிக்கும் வேலை. ஆகவே, பண்டிகைக்குப் பண்டிகை மாமியார் சுடும் இனிப்பு ரொட்டியைக் கண்டாலே இளக்காரம். ஓரம் கருகியிருக்கும், நடு வெந்திருக்காது. அதைப் போய், “அஞ்சு தலைமுறையா இந்த வீட்டுப் பொம்பளைங்க கைமாத்தி விட்ட பக்குவம்” என்று மாமியார் அளந்துவிடுவார். வந்தவர்கள் தண்ணீர் குடித்து விழுங்கிவிட்டு, தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் மாமியார் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. வேறு வழியில்லாமல் பொறுப்பு மருமகளிடம் வந்தது. மகனோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதும் அவருக்கு வாய் அடங்கவில்லை.

“மெஷின்ல போட்டுடாத. கையால பிசை.”

“தினம் நாப்பது மூட்டை மாவு பாக்கறவ நான், அத்தை.”

“மூட்டையைத்தானே பாக்கற.”

கார் கிளம்பியது. மணி 1:50. மருமகள் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு, முதல் வேலையாக மாவு பிசையும் மெஷினை அலமாரியிலிருந்து இறக்கினாள். அந்த அஞ்சு தலைமுறையில் எத்தனை பேர் நகம் வெட்டினார்களோ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

2:12. மெஷின் ஓடி நின்றது. அந்த அமைதியில்...

“ச்சு.”

நாக்கைத் தட்டும் சத்தம். பிடிக்காததைப் பார்த்தால் வருமே, அது.

பல்லியாக இருக்கும் என்று ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தால் பாத்திரத்தில் மாவைக் காணோம். வழித்துத் துடைத்தது போல இருந்தது. குப்பைக்கூடையைத் திறந்தாள். மாவு உள்ளே கிடந்தது, முட்டை ஓடுகளுக்கு மேல்.

பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அடுத்த தெருவில் இருக்கும் நாத்தனார்தான் பின்கதவு வழியாக வந்து வேலை காட்டுகிறாள் என்று போய்ப் பார்த்தாள். கதவு உள்பக்கம் பூட்டியபடியே இருந்தது.

“யாரா இருந்தாலும் முன்னால வந்து பேசுங்க!”

மறுபடி மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஈஸ்ட். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணை எடுக்கவில்லை.

2:31. ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. பிளக் சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது.

“ச்சு... ச்சு...”

இந்த முறை காதுக்குப் பின்னால்.

கழுத்தில் மூச்சு பட்டது. அதில் சூடு இல்லை. ஈர மாவின் வாடை.

ஓடத்தான் நினைத்தாள். அதற்குள் அவள் கைகள் மேல் ஏதோ கவிழ்ந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஜில்லென்று...

கனமாக...

பத்து விரல்கள்.

அவை அவள் கைகளை மாவுக்குள் அழுத்தின. மடித்து... தள்ளி... திருப்பி...

கை அவளுடையது. வேலை அவளுடையது இல்லை.

“விடுங்க...”

“ச்சு.”

2:58-க்குப் பிடி விட்டது.

4:30-க்குக் கார் வந்து நின்றபோது, அவள் வாசல் படியில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். முழங்கை வரை மாவு காய்ந்திருந்தது.

“மாவை உள்ள போட்டுட்டு இங்க காத்து வாங்கறியா? நல்ல வேலைக்காரி!”

மாமியார் உள்ளே போனார். உப்பிக் கிடந்த மாவை மகனை விட்டே ஓவனில் வைக்கச் சொன்னார். 6:05-க்கு ரொட்டி வெளியே வந்தது. இடது கையால் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டவர், மெல்லவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“யாரு சொல்லிக் கொடுத்தா?”

மருமகள் நடந்ததைச் சொன்னாள். ஏளனமாக ஒரு சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை.

“எனக்கு இந்தப் பக்குவமே தெரியாதுடி. நான் சுடறதெல்லாம் குத்துமதிப்பு. தெரிஞ்சவ என் மூத்த ஓரகத்தி ஒருத்திதான். ‘உனக்கெல்லாம் எதுக்கு?’ன்னு என் மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டுத்தான் பிசைவா.”

“அவங்க...?”

“முப்பத்தொரு வருஷம் ஆச்சு. பண்டிகைக்கு முந்தின நாள். கூப்பிட்டுப் பாத்துட்டுக் கதவை உடைச்சோம். மாவுலயே முகம் கவுந்து கிடந்தா.”

மாமியார் தட்டைத் தள்ளி வைத்தார்.

“அந்த மாவைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரல. துக்கத்துக்கு வந்தவங்களுக்கு அதையே சுட்டுக் கொடுத்துட்டேன். நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.”

தட்டில் இருந்த ரொட்டியையே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“இது அந்த ருசி. அவ உசிரோட சுட்ட ரொட்டி எதுலயும் இது இருந்ததில்ல.”