தரையில் வைத்த கத்தி

பரளச்சிக்கு அருகில் எங்கள் குடும்பத்துக்கு உள்ள மானாவாரி நிலத்தைப் பதினேழு ஆண்டுகள் விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரத்துக்கு உழுதவர், என்னைவிட நான்கு வயது இளையவர். நான் அருப்புக்கோட்டைக் கடையைக் கவனித்தேன். நிலம் அவர் பொறுப்பு. பட்டதாரி, கோயில் திருப்பணிக் குழுத் தலைவர் என்ற மதிப்பு ஊரில் எனக்கு இருந்தது. பெருமைக்காக இதைக் குறிப்பிடவில்லை. பின்னர் நடந்ததற்கு அந்த மதிப்பே காரணம்.

வெளிநாட்டில் பணிபுரியும் என் மருமகன் ஒரு கத்தி கொண்டுவந்து கொடுத்தார். மடக்க இயலாதது. அலகின் எஃகு, கைப்பிடியின் முனைவரை ஒரே துண்டாக ஓடியது. அங்கே வேட்டைக்கும், காட்டில் கூடாரமடித்துத் தங்குவதற்கும் அதை எடுத்துச் செல்வார்களாம். எனக்கு இரண்டும் பழக்கமில்லை. எனினும் தோல் உறையோடு காரில் வைத்திருந்து, பார்ப்பவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்த ஒரு காலையில் நிலத்துக்குச் சென்றிருந்தேன். நிலத்தை உழுபவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மொதலாளி, பன்னி ஒண்ணு கம்பியில மாட்டிக் கெடக்கு. காலு பாதி அத்துப்போச்சு, உசுரு போகமாட்டேங்குது. கத்துறதக் கேக்க முடியல. அருவா பட்டறையில கெடக்கு. ஒங்க கத்தியக் குடுங்க."

வரப்பில் சுருக்குக் கம்பி கட்டியவர் அவர்தான். அது குற்றம் என்று நான் அறிவேன். ஆனால் காட்டுப்பன்றிகள் பாதிச் சோளத்தைச் சாய்த்திருந்தன. கம்பியைக் கண்டும் நான் பேசாமல் இருந்தேன்.

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு முறியும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். ஆகவே தரையில் வைத்தேன். அவர் குனிந்து எடுத்துக்கொண்டு சிரித்தார்.

"இம்புட்டுப் படிச்சும் அந்தப் பயம் போகலயே ஒங்களுக்கு!"

"போப்பா, சீக்கிரம் முடி" என்றேன்.

சற்று நேரத்தில் கத்தல் நின்றது. நான் ஊர் திரும்பிவிட்டேன். யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். அவர் பன்றியை அறுத்துக்கொண்டிருந்தபோதே பிடிபட்டார்.

மறுநாள் வனத்துறை அலுவலர் ஒருவர் கடைக்கு வந்து, கத்தியின் படத்தைச் செல்போனில் காட்டினார்.

"இது ஒங்களோடதுன்னு சொல்றாங்க. அந்த ஆளு வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. நீங்க குடுத்தீங்களா?"

திருப்பணிக் குழுவினர் இருவர் கடையில் அமர்ந்திருந்தனர்.

"என்னோடதுதான் சார். கார்ல வச்சிருந்தேன். யாரு எடுத்தாகன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

பன்றியைக் கொன்றதற்காகப் பரளச்சியில் எவரும் அவரை இழிவாகப் பேசவில்லை. திருடன் என்ற பெயர் அப்படிப்பட்டதன்று. பாலவனத்தத்தில் அவர் மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் ஒரே வாரத்தில் முறிந்தது.

ஜாமீனில் வந்தவர் நேரே என் வீட்டுக்கு வந்து வாசற்கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்கண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போகலாம்" என்றாள் என் மனைவி.

"இருக்கட்டும் தாயி." என்னைப் பார்த்தார். "பன்னியக் கொன்னேன், நெசந்தான். உள்ள போயிட்டு வந்தேன், அதுவும் சரி. நான் திருடுனேனா மொதலாளி?"

வாய் திறந்தேன். எதிர்வீட்டுக்காரர் மாடியில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்றவர் மடியிலிருந்து நிலத்துக் கொட்டகையின் சாவியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அதைப் பார்த்தபடியே சாவியைத் தரையில் வைத்துவிட்டு, பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்.

எதிர்வீட்டுக்காரர் உள்ளே போகும்வரை நின்றிருந்தேன். பிறகுதான் குனிந்து சாவியை எடுத்தேன்.