லேசாகச் சூடான ஒரு செல்

எண்பதுகளில் செயற்கைக்கோள் பேட்டரிகளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். வேலை வெளியூரில். விடுமுறைக்கு ஊரில் உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு காலையில் தந்தி வந்தது. நாங்கள் அனுப்பிய செயற்கைக்கோளிடமிருந்து சத்தமே இல்லை, பேட்டரி போயிருக்கலாம், உடனே புறப்பட்டு வா.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். டார்ச் லைட்டில் போடும் பேட்டரிக் கட்டைக்கு அவர் வாயில் 'பில்' என்றுதான் பெயர்.

"பில் தீந்துபோச்சா? வேற போட வேண்டியதுதான?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "மேல போயி யாருப்பா போடுறது?"

அவர் முகம் சுண்டிப்போனது. பாவமாக இருந்ததால் உட்கார்ந்து விளக்கினேன். இது தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற பில் இல்லை. வெயிலில் சார்ஜ் ஏறும், பூமியின் நிழலுக்குள் போனால் இறங்கும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று, நாள் தவறாமல். ஏறி இறங்கியே அது தேய்ந்துபோகும். பேட்டரிக்குள்ளே செல்களை வரிசையாகக் கோத்திருப்போம். அதில் ஒன்று நோஞ்சானாக இருந்தால் முதலில் காலியாகிவிடும். மற்றவை அதை விடாது, அதன் வழியாகவே மின்சாரத்தைத் தள்ளும், அதன் துருவம் தலைகீழாகிவிடும். உள்ளே வாயு சேர்ந்து அது உப்பும், ஒரு நாள் வெடித்துக்கொள்ளும்.

"நோஞ்சான்னு முன்னாடியே தெரியாதா?"

தெரிந்தது. சார்ஜ் ஏற்றும்போது ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட லேசாகச் சூடானது. வெப்பம் பார்க்கும் ஒயரைச் சரியாக ஒட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒட்டிப் பார்த்தேன், மறுபடியும் சூடு. அதைக் கழித்தால் மொத்தத்தையும் பிரித்து மாதக்கணக்கில் திரும்பச் சோதிக்க வேண்டும். எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள். 'குறை இல்லை' என்று எழுதிவிட்டேன். இதை நான் வாய்விட்டுச் சொன்னது அப்பாவிடம் மட்டும்தான்.

அப்பா குரலைத் தாழ்த்தினார். "வேற யாருக்காச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நீயா ஒண்ணும் சொல்லிக்காத."

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது, அதை நினைத்தால் இன்றும் அவமானமாக இருக்கிறது.

பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். கீழே கெட்டுப்போகும் பேட்டரியை அறுத்துப் பார்த்துவிடலாம். இதுவோ மேலே சுற்றிக்கொண்டிருந்தது. என் செல்லாகவும் இருக்கலாம், வெறும் தேய்மானமாகவும் இருக்கலாம். யாராலும் நிரூபிக்க முடியாது. கூட்டத்தில் மூத்த அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"சோதனையில் ஏதாவது வித்தியாசமாகப் பட்டதா?"

"இல்லை சார்."

"நீங்க பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போனார்.