போர்வை தாங்காத தெயோபிஸ்தா

மசாகா ஊர்ச் சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தவள் தெயோபிஸ்தா. மோட்டார் சைக்கிள் டாக்சியிலிருந்து விழுந்து, வலது தொடை எலும்பு முறிந்து எங்கள் வார்டுக்கு வந்தாள். அறுவை செய்து கம்பி வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் முதலில் பார்த்தது பக்கத்துக் கட்டில் பெண்ணின் சட்டையைத்தான்.

"இத யாரும்மா தச்சது? ஒரு தோள் தூங்குது, ஒரு தோள் முழிச்சிருக்கு."

நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்பை மறைக்க வாளிப் பக்கம் குனிந்தேன்.

"ஏ வாயில்லாப் பூச்சி, சத்தமாச் சிரி. வாளி ஒண்ணும் கோவிச்சுக்காது."

அன்றிலிருந்து அவளுக்கு நான் பூச்சி.

பதினாறு வயதில் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள். கம்பாலாவுக்கு வேலை தேடிப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். தங்கை ரெஸ்டிட்யூட்டாவைப் படிக்க வைத்ததும், அவள் கல்யாணத்துக்குப் பட்டில் கோமேசி அங்கி தைத்து உடுத்திவிட்டதும் அந்த மெஷின்தான். மிதிப்பது வலது காலால். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளில் அவள் கேட்ட ஒரே கேள்வி, "மிதிக்க முடியுமா?" என்பதுதான்.

கூடவே இருந்து பார்த்துக்கொண்டது ரெஸ்டிட்யூட்டா. கட்டிலுக்கு அடியில் பாய், கரி அடுப்பு, வாழையிலையில் பொதிந்து அவித்த மத்தோகே வாழைக்காய் மசியல். வலிக்கு மார்ஃபின் கரைத்த பச்சை நிற மருந்துத் தண்ணீர், ஒரு பாட்டிலில். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதை அளந்து கொடுக்க ஜஸ்டின் சிஸ்டர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாரம் வலி ஏறியது. சிஸ்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். வலி இன்னும் ஏறியது. மறுபடி கூட்டினார். மூன்றாவது வாரம் போர்வை பட்டாலே தெயோபிஸ்தா அலறினாள். பார்க்க வந்தவர்களையெல்லாம் கிண்டல் செய்த வாய், "வெட்டி எடுத்துருங்க, எனக்கு இந்தக் கால் வேண்டாம்" என்று கெஞ்சியது.

"நடிக்கிறா" என்றாள் எதிர்க் கட்டில்காரி.

"உன் தொடைய உடைச்சுக்கிட்டு நீ கொஞ்சம் நடிச்சுக் காட்டேன்" என்றாள் ரெஸ்டிட்யூட்டா. சொல்லிவிட்டு வெளியே போய் அழுதாள்.

உள்ளே சீழ் பிடித்திருக்கலாம், வியாழக்கிழமை மறுபடி திறந்து பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அது ஒத்துவரவில்லை. கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் நான் அந்த அறையில் கழிவு வாளியோடு நிற்பேன். புண் காய்ந்திருந்தது. வாடை இல்லை. சீழ் பிடித்த கால்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிறகு செவ்வாய்க்கிழமை நான் கட்டில் கம்பியைத் துடைக்கும்போது ஈரத்துணி அவளுடைய இடது கால் பெருவிரலில் லேசாக உரசியது. வீல் என்று கத்தினாள். அது அடிபடாத கால். அன்றைக்கே தங்கை தலை சீவப் போனபோது, "சீப்பு நெருப்பா இருக்குடி" என்று தள்ளிவிட்டாள்.

பாயைத் தூக்கித் துடைத்தபோது அடியில் அதே பச்சை மருந்து இன்னொரு பாட்டிலில் இருந்தது.

அது யாருடையது என்று எனக்குத் தெரியும். அதே மருந்தைக் குடித்துவந்த நாலாம் கட்டில் அம்மா இறந்தபோது, வீட்டார் உடலையும் துணிமணியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சோப்பு, சர்க்கரை, மீதிக் கரி எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக் கட்டில்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இங்கே அப்படித்தான் செய்வார்கள். மருந்தை மட்டும் மருந்தறைக்குத் திருப்ப வேண்டும். ஆனால் கொடுக்கிறவர்களும் வாங்குகிறவர்களும் அழுதுகொண்டிருக்கும்போது அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கும்? சிஸ்டர் சொன்ன அளவு கொடுத்த பிறகு, ரெஸ்டிட்யூட்டா இதிலிருந்தும் அதே அளவு கொடுத்துவந்தாள். அக்கா துடிப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை காலை சிஸ்டர் முன்னால் மண்டியிட்டு வணக்கம் சொன்னேன். தினமும் சொல்வதுதான். அன்றைக்கு எழுந்திருக்கவில்லை.

"என்ன, முட்டி தரையில ஒட்டிக்கிச்சா?"

"சிஸ்டர், தெயோபிஸ்தாக்காவுக்கு நல்ல காலும் வலிக்குது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்புறம்… பாட்டில் ரெண்டு இருக்கு. திட்டாதீங்க. பாசத்துல செஞ்சது."

சிஸ்டர் ஒரு பஞ்சுத் துண்டை எடுத்துவந்து தெயோபிஸ்தாவின் கையிலும் இடது காலிலும் மெல்லத் தொட்டுப் பார்த்தார். பஞ்சுக்கே அவள் பல்லைக் கடித்தாள். பாயடியிலிருந்த பாட்டிலைக் கேட்டதும் ரெஸ்டிட்யூட்டா இடிந்துபோய் உட்கார்ந்தாள்.

"நானே என் அக்காவக் கொல்லப் பாத்தேனா சிஸ்டர்?"

"மூச்சு நிக்காம இருந்ததே பெரிசு, இனி யார் மருந்தையும் தொடாத. நானும்தான்டி கூட்டிக்கிட்டே போனேன். நல்ல மருந்துதான் இது. ஆனா சில பேருக்கு, ரொம்பச் சேந்துட்டா, நரம்பையே உசுப்பி விட்டுரும். அப்புறம் காத்துப் பட்டாக்கூட வலிக்கும். வலிக்குதேன்னு இன்னும் குடுத்தா இன்னும் வலிக்கும்."

டாக்டர் வந்து புண்ணையும் எக்ஸ்ரேயையும் ரத்தச் சோதனையையும் பார்த்தார். வியாழக்கிழமைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தார். மருந்தை ஒரேயடியாக நிறுத்தவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கூடவே வேறு மாத்திரை கொடுத்தார்கள். முதல் மூன்று நாள் தெயோபிஸ்தா எல்லோரையும் வைதாள். வேர்த்தாள், நடுங்கினாள். தொட முடியாததால் ரெஸ்டிட்யூட்டா இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் ஒரு கோப்பைத் தினைக்கஞ்சியை என் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

ஒன்பதாம் நாள் மதியம், ரெஸ்டிட்யூட்டா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள்.

"பூச்சி, இங்க வா. அந்தப் போர்வைய எடு."

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனேன். பாதத்தின் மேல் நுனியை மட்டும் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ம்… இன்னும்."

முழங்கால் வரை இழுத்தேன்.

"இன்னும் மேல."

தொடைக்கு வந்தபோது உதட்டைக் கடித்தாள். நான் நிறுத்தினேன். "வலிக்குது. ஆனா அடிபட்ட எடத்துல மட்டும்தான் வலிக்குது" என்றாள். இடுப்பு வரை போர்த்திவிட்டேன். அவள் கண்ணைத் திறந்து, போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு போட்ட தையல் இது? கண்ண மூடிக்கிட்டு மிதிச்சிருக்கான்."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். வாசலில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ரெஸ்டிட்யூட்டா குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.