நாற்பத்திரண்டு வெள்ளைத் தாள்கள்

செவ்வாய், வெள்ளிகளில் பவுலினா முகத்துக்குப் பவுடர் போடுவதில்லை. தலையில் பூ கிடையாது, கையில் வளையல் கிடையாது. ஐந்தே முக்காலுக்கெல்லாம் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு, ஏரிக்கோடி நடுநிலைப் பள்ளியின் பக்கவாட்டு இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருப்பார். தோளில் தொங்கும் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு காகித உறை, அதற்குள் கண்ணாடி இழையால் ஆன ஒரு வெள்ளைத் தாள். பிறந்த குழந்தையைக்கூட யாரும் இத்தனை சுற்றுச் சுற்றித் தூக்கிப் போக மாட்டார்கள்.

மாடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி நிற்கிறது. தலையில் கூரை வைத்த மூடி. அக்கம்பக்கத்தார் அதைப் புறாக்கூண்டு என்கிறார்கள். பவுலினா கையுறை மாட்டி, இடுக்கியால் தாளின் ஓரத்தைப் பிடித்து, அந்தப் பெட்டியின் வாயில் படுக்க வைக்கிறார். வைத்து முடிக்கும்வரை மூச்சை அடக்கிக்கொள்கிறார். ஒருநாள் பள்ளிக் காவலாளி ஏன் என்று கேட்டுவிட்டார். "வேற எங்க வேணா மூச்சு வுடலாம்ணா. இதும்மேல வுட்டா, அப்புறம் இது ஊரு காத்தா, எங் காத்தான்னு தெரியாமப் போயிடும்" என்றார் பவுலினா. கேட்டவர் அன்றிலிருந்து ஏணிக்குக் கீழேகூடப் பீடி பற்ற வைப்பதில்லை.

சுவிட்சைத் தட்டினால் பெட்டி 'ஊ' என்று ஊளையிட ஆரம்பிக்கும். ஒரு ஆள் காலையிலிருந்து மறுநாள் காலைவரை இழுக்கிற மூச்சை அது பத்தே நிமிடத்தில் இழுத்துவிடும். காலை ஆறிலிருந்து இரண்டுவரை ஒரு தாள், இரண்டிலிருந்து இரவு பத்துவரை ஒரு தாள், பத்திலிருந்து விடியும்வரை ஒரு தாள். எட்டு மணி நேரம் ஊளையிட்டு அது பிடித்துக் கொடுக்கும் தூசியின் எடை, இரண்டு அரிசி. மோசமான நாளென்றால் மூன்று அரிசி. நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. இத்தனை லாரி, இத்தனை புகை, இத்தனை பேருடைய இருமல், எல்லாவற்றுக்கும் சாட்சி சொல்ல வருவது அந்த இரண்டு அரிசி எடை.

பவுலினாவுக்குச் சொந்த ஊர் மத்தூர். வேதியியல் படித்துவிட்டு, கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருடம் கூழின் புளிப்பை அளந்தார். கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்ததும் குடும்பம் இங்கே வந்தது. இப்போது ஒரு கல்லூரி ஆய்வகத்தின் களப்பணியாளர். மாநகராட்சி காற்றை அளக்கச் சொல்லும் இடத்திலெல்லாம் ஏணி ஏறுவார். உழவர் சந்தையில் தக்காளி அரைக் கிலோவா முக்கால் கிலோவா என்று அவரைக் கேட்டால் விழிப்பார். தூசி படிந்த தாளைக் காட்டினால், "நாப்பத்தி எட்டு மில்லிகிராம் இருக்கும்" என்பார். தராசில் போட்டால் ஒன்றோ இரண்டோதான் முன்னே பின்னே இருக்கும். கிரானைட் தூள் தாளில் எப்படிப் படியும், டீசல் புகை எப்படிப் படியும், குப்பை எரித்த அன்றைக்குத் தாள் எந்த நிறத்தில் வரும் என்பதெல்லாம் அவருக்குக் கண்பாடம். யாராவது ஆர்வத்தில் தாளைத் தொட வந்தால் மட்டும் குரல் உயரும்: "கை வெக்காதீங்க! விரல் எடை ஏறிடும்!"

ஏரிக்கோடி ரோட்டில் அவர் ஏணி ஏறியதற்குக் காரணம் கிரானைட் லாரிகள். நெடுஞ்சாலை நெரிசலுக்குத் தப்பி, அத்திப்பள்ளிப் பக்கம் போகிறவர்கள் இந்த மூன்று கிலோமீட்டரைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நடுவில் பள்ளி. பெற்றோர் மனுக் கொடுத்தார்கள், லாரிக்காரர்களும் பதில் மனுக் கொடுத்தார்கள். மூன்று மாதம் காற்றை அளந்து பார்த்துவிடுவோம் என்று மாநகராட்சி சொல்லிவிட்டது. ஒரு கன மீட்டர் காற்றில் தூசி சராசரியாக நூறு மைக்ரோகிராமைத் தாண்டினால், பகலில் லாரிகள் வெளிவட்டச் சாலையில் சுற்றிப் போகவேண்டும். தாண்டாவிட்டால் எல்லாம் பழையபடி. பவுலினாவின் மகள் பெனிஷா அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் புத்தகப் பையில் ஜியோமெட்ரி பாக்ஸுக்குப் பக்கத்தில் ஒரு இன்ஹேலர் இருக்கும். இதைப் பவுலினா ஒளிக்கவில்லை. வேலை தொடங்கிய அன்றைக்கே உதவிப் பொறியாளர் சென்னகிருஷ்ணனிடம் சொல்லிவிட்டார். வீட்டில் தெலுங்கும் போனில் கன்னடமும் கோப்பில் தமிழுமாக வாழ்கிற அந்த மனிதர், "மிஷினுக்கு உன் பொண்ணு யாருன்னு தெரியாதும்மா, நீ வேலையப் பாரு" என்றார்.

ஏழு வாரம் ஓடியது. பதினான்கு நாள், நாற்பத்திரண்டு தாள். எல்லாம் வெள்ளை வெளேர் என்று வந்தன. சராசரி அறுபத்து மூன்று.

பவுலினா தாளை நம்புகிறவர். வாழ்க்கையில் அவர் அவ்வளவு நம்புகிற பொருள் வேறு எதுவும் இல்லை. அதனால் பெனிஷா இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்து தூங்கியபோதும், மாடிப்படி ஏறி மூச்சு வாங்கியபோதும், அவர் காற்றைச் சந்தேகப்படவில்லை, மகளின் நெஞ்சைச் சந்தேகப்பட்டார். கிருஷ்ணகிரிக்கு அழைத்துப்போய் வேறு டாக்டரிடம் காட்டினார். எக்ஸ்ரே எடுத்தார். "காத்து நல்லாத்தான் இருக்கு டாக்டர், நானே அளக்கறேன். இவளுக்குத்தான் உள்ள ஏதோ கோளாறு" என்று சொன்னார். 

பதினான்காவது நாள் அளவீட்டுக்கு மறுநாள், புதன்கிழமை, பள்ளியிலிருந்து போன் வந்தது. பெனிஷாவுக்கு இழுக்கிறது, வந்து அழைத்துப் போங்கள். பவுலினா ஆட்டோ பிடித்து ஓடிவந்தார். ஏரிக்கோடி ரோட்டில் திரும்பியதுமே ஆட்டோக்காரர் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டார். முன்னால் ஒரு லாரி போனது. அதன் பின்னால் ரோடே எழுந்து நின்றது. பள்ளிச் சுவர், கேட், வேப்பமரம் எதுவும் தெரியவில்லை. நேற்றுக் காலையில் இதே இடத்தில் தார் நனைந்து பளபளத்ததும், செருப்பில் சேறு ஒட்டியதும் அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், எந்தெந்தக் காலைகளில் அந்த ரோடு நனைந்திருந்தது என்று எண்ணிப் பார்த்தார்.

மறுநாள் விடிந்ததும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனார். மாநகராட்சிக்குத் தண்ணீர் லாரி ஓட்டும் தஸ்தகீர் அங்கேதான் டாங்க் நிரப்புவார். ஐம்பதைத் தாண்டியவர். தூசி அடங்க ரோடுகளில் தண்ணீர் தெளிப்பது அவர் வேலை. குழாய் ஓட்டைகளை ஊசி வைத்துக் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"பாய், ஏரிக்கோடில டெய்லி எத்தன நடை ஊத்துவீங்க?"

"ஒரு நடைங்கோ மேடம்."

"அப்ப செவ்வா, வெள்ளி?"

தஸ்தகீர் முகம் மலர்ந்துவிட்டது. யாராவது ஒருநாள் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த முகம். "அஞ்சு நடை! நீங்க மேல நிக்கறத நான் பாத்துகினுதான இருக்கேன். ரோட்டுக்கு மார்க் போட வந்த ஆபீசருங்கோன்னு தெரியும். நம்ம ரோடு ஃபெயிலாவக் கூடாதுல்ல? சாப்பாட்டு நேரத்துலகூட ஒரு நடை அடிச்சுட்டுத்தான் டிபனே தொறப்பேன்."

பவுலினா அங்கிருந்த சிமென்ட் திட்டில் உட்கார்ந்துவிட்டார். தன் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்து, ஏழு வாரம், ஒரு மனிதர் பவுலினாவின் மகளுக்கு எதிராக உழைத்திருக்கிறார், அதுவும் பவுலினாவுக்கே மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு. நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். தாள் என்ன, நூறு என்ன, லாரி என்ன, பெனிஷா யார். தஸ்தகீர் கேட்கக் கேட்க ஊசியைக் கீழே வைத்தார். தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"தப்பு பண்ணிட்டேங்கோ. நாளையிலேர்ந்து அந்த ரோட்டுல ஒரு சொட்டு வுடமாட்டேன். புழுதி பறக்கட்டும். உங்க மிஷினு நெறய முழுங்கட்டும். நூறென்ன, எரநூறு காட்டும். லாரிய நிறுத்திப்புடலாம் மேடம்."

நல்ல யோசனை. யாருக்கும் தெரியப்போவதில்லை. முந்தைய நாள் பெனிஷாவுக்கு இழுத்த சத்தம் இன்னும் காதில் இருந்தது. பக்கத்துக் கடையிலிருந்து தஸ்தகீர் வாங்கிக் கொடுத்த டீயைப் பவுலினா கடைசிச் சொட்டுவரை குடித்தார். ஆசை இல்லாமலா இருந்திருக்கும்? தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொன்னார்: "வேணாம் பாய். மத்த நாள்ல எப்படியோ, அப்படியே ஒரு நடை ஊத்துங்க. நீங்க கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்."

சென்னகிருஷ்ணனின் மேசைமேல் நாற்பத்திரண்டு தாள்களின் பதிவுகளையும் வைத்து, இவை செல்லாது என்று எழுதித் தரும்படி கேட்டபோது, அவர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார்.

"ஏழு வாரம்மா! முடிவெடுக்கற கூட்டத்துக்கு இன்னும் அஞ்சு வாரம்தான் இருக்கு. நாளைக்கு லாரிக்காரங்க கேப்பாங்க. அளக்கறது அம்மா, அங்க படிக்கறது பொண்ணு, பிடிக்காத கணக்க மாத்திட்டாங்கன்னு. நான் என்ன பதில் சொல்றது?"

"அதனாலதான் சார் இது." பவுலினா இன்னொரு காகிதத்தை எடுத்து நீட்டினார். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு, எத்தனை நடை என்று தஸ்தகீர் சொல்லச் சொல்ல எழுதியது. கீழே தஸ்தகீரின் கையெழுத்து. இதனால் வேலை போகலாம் என்று தெரிந்தே அந்த மனிதர் போட்ட கையெழுத்து. "இனிமே ஒருநாள் வுட்டு ஒருநாள் வெக்கறேன் சார். நீங்களும் மேல வந்து நில்லுங்க. லாரிக்காரங்க ஆளும் வரட்டும். ஊத்தறதையும் பாக்கட்டும், அளக்கறதையும் பாக்கட்டும்."

பொறியாளர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

புதிய அளவீட்டின் முதல் நாள் அவர் நிஜமாகவே ஏணி ஏறி வந்தார். ஏழு மணிக்குத் தஸ்தகீரின் லாரி ஒரே ஒரு நடை வந்து, நிற்காமல் போனது. எட்டரைக்கெல்லாம் ரோடு காய்ந்துவிட்டது. பிள்ளைகள் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றபோது இரண்டு கிரானைட் லாரிகள் அடுத்தடுத்து வந்தன. புழுதி மாடிவரை ஏறியது. சென்னகிருஷ்ணன் சட்டைக் காலரில் மூக்கைப் புதைத்துக்கொண்டார். கீழே நானூறு பிள்ளைகள் இருமினார்கள், அதில் ஒரு இருமல் பவுலினாவுக்குத் தனியாகத் தெரிந்தது. கைப்பிடிச் சுவர்வரை போய்விட்டவர், தான் ரோட்டுக்கும் இயந்திரத்துக்கும் குறுக்கே நிற்பதைக் கவனித்தார். சட்டென்று இரண்டடி விலகி, தூசிக்கு வழி விட்டார். அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது என்று சென்னகிருஷ்ணன் பலரிடம் சொல்லியிருக்கிறார். கோப்பில் எழுத முடியாத விஷயம் என்பதால் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐந்து வாரம் பவுலினாவின் முகம் பெரும்பாலும் பவுடர் இல்லாமலே இருந்தது. லாரிக்காரர்கள் சங்கத்திலிருந்தும் ஒருவர் வந்து இரண்டு நாள் நின்று பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் மாஸ்க்கோடு வந்தார். சராசரி நூற்று முப்பத்தொன்று. கூட்டத்தில் யாரும் பெரிதாக வாதாடவில்லை. காலை ஆறிலிருந்து இரவு எட்டுவரை ஏரிக்கோடி ரோட்டில் கனரக வாகனங்கள் கூடாது என்று பலகை நட்டார்கள். தஸ்தகீருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, வேலை போகவில்லை.

தடை வந்த பிறகு காற்று உண்மையில் மாறியதா என்று பார்க்க, அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி தாள் வைத்தார்கள். மதியம் இரண்டு மணிக்குப் பவுலினா மூடியைத் திறந்தார். தாள் கிட்டத்தட்ட வைத்தபடியே இருந்தது. ஒன்றரை அரிசி எடைகூட இருக்காது. வேறு யாராக இருந்தாலும் அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். பவுலினா தாளை மடித்து உறையில் வைத்துப் பையைப் பூட்டினார். மடமடவென்று ஏணியில் இறங்கி, கேட்டைத் தாண்டி, ரோட்டோரம் குந்தி உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழத்துக்குக் குத்தினார். மேல்மண் வெயிலில் காய்ந்துவிடும், ஐந்து நடை ஊற்றியிருந்தால் அடியில் ஈரம் இருக்கும். விரல் உலர்ந்து, புழுதி பூசி வெளியே வந்தது.

தண்ணீர் லாரியை ஓரம் கட்டிவிட்டுத் தஸ்தகீர் ஓடிவந்தார். "சத்தியமா ஒரே நடைதாங்கோ மேடம்!"

"தெரியும் பாய்" என்றார் பவுலினா. கண் நிறைந்திருந்தது. சொல்லிக்கொண்டே இரண்டடி தள்ளிப் போய், இன்னோர் இடத்தில் விரலைக் குத்தினார்.